மேயர் வாடகைக்கு விட்ட அறை

அரிசோனா அப்போது அமெரிக்காவின் ஒரு மாநிலம்கூட ஆகவில்லை. பிரெஸ்காட் என்ற சிற்றூரை ஒட்டியிருந்த விப்பிள் ராணுவ முகாமில் பேண்டு மாஸ்டராக இருந்தார் அக்கில்லே லகார்டியா. இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர். மனைவி ஐரீன், ட்ரியெஸ்ட் நகரத்து யூதக் குடும்பத்துப் பெண். மகன் ஃபியோரெல்லோ 1882 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தவன். முகாம் விட்டு முகாம் மாறிய தகப்பனோடு மேற்கே வந்து குதிரைகளுக்கும் புழுதிக்கும் நடுவே வளர்ந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பத்து வயது இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் பாட்டுக் கேட்கும் பெட்டியோடும் ஒரு குரங்கோடும் இத்தாலிக்காரர் ஒருவர் ஊருக்குள் வந்தார். நீயும் இத்தாலிக்காரன்தானே, உன் குரங்கு எங்கே என்று கேட்டுப் பையன்கள் ஃபியோரெல்லோவைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். அதோடு விட்டதா? அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த அப்பா, சொந்த ஊர் பாஷை பேசுகிற ஆளைக் கண்ட சந்தோஷத்தில் அவரோடு வாய் ஓயாமல் பேசி, வீட்டுக்குச் சாப்பிடவும் கூப்பிட்டுவிட்டார். பையனுக்கு மானம் போயிற்று. அந்தக் கேலிக்கான விலையை நாற்பது வருஷம் கழித்து வேறோர் ஊரின் பாட்டுப்பெட்டிக்காரர்கள் கொடுக்க வேண்டியிருந்தது.

1898-ல் ஸ்பெயினோடு போர் மூண்டது. அக்கில்லேயின் படைப்பிரிவும் புறப்பட்டது. ஆனால் அவரை வீழ்த்த ஸ்பானியர்கள் தேவைப்படவில்லை. ராணுவத்துக்கு இறைச்சி சப்ளை செய்த காண்டிராக்டர்கள் கெட்டுப்போன சரக்கைத் தள்ளிவிட்டிருந்தார்கள். அதைத் தின்ற சிப்பாய்களில் அவரும் ஒருவர். உடம்பு தேறவே இல்லை; ராணுவம் வீட்டுக்கு அனுப்பியது. குடும்பம் ஐரீனின் ஊரான ட்ரியெஸ்டுக்குத் திரும்பியது. 1904-ல் அங்கேயே அவர் இறந்தார். அப்பாவைக் கொன்றது காண்டிராக்டர்களின் பேராசைதான் என்று மகன் கடைசிவரை நம்பினார். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் காலெடுத்து வைத்ததும், போர்க்காலத்தில் ராணுவத்துக்குக் கெட்ட சரக்கு விற்பவனுக்கு மரண தண்டனை தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். மசோதா தேறவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

இருபத்திரண்டு வயதுக்குள் அவருக்கு ஒரு சின்னப் பதவி கிடைத்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஃபியூமே துறைமுகத்தில் (இன்றைக்கு அது குரோஷியாவின் ரியேக்கா) அமெரிக்கத் தூதரகப் பிரதிநிதி. வாரந்தோறும் ஏழைக் குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கடலைத் தாண்டிப் போன பிறகு, கண்நோய் இருக்கிறது என்று சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். வீடு வாசலை விற்றுவிட்டு வந்தவர்களுக்குத் திரும்பிப்போக ஏது ஊர்? கப்பலேறுவதற்கு முன்பே டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்று லகார்டியா அடம்பிடித்தார். கப்பல் கம்பெனி முரண்டு பிடித்தது; அவர் கையெழுத்துப் போட மறுத்தார். கம்பெனி இறங்கி வந்தது. அதைவிடப் பெரிய இடத்தோடும் மோதல் வந்தது. ஃபியூமேவுக்கு வந்திருந்த அரச குடும்பத்துப் பெண்மணி மரியா ஜோசஃபா, குடியேறிகள் கப்பலேறும் காட்சியைத் தாமும் பார்க்க ஆசைப்பட்டார். அவருடைய வசதிக்காக, கப்பல் புறப்பட நெடுநேரம் இருக்கும்போதே ஜனங்களை ஏற்றிவிட ஏற்பாடாயிற்று. பெரிய மனிதர் வேடிக்கை பார்ப்பதற்காகக் குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் கப்பலின் அடித்தட்டில் புழுங்கிக் கிடப்பதா? இளம் அதிகாரி முடியாது என்று சொல்லிவிட்டார். வேலையில் அவர் வெகுநாள் நீடிக்கவில்லை. 1906-ல் ராஜினாமா செய்துவிட்டு, கையில் காசில்லாமல் நியூயார்க் வந்து இறங்கினார்.

குடியேறிகள் வந்திறங்கும் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளர் வேலை. இத்தாலிய மொழி, ஜெர்மன், குரோஷியன், இத்திஷ் எல்லாம் கைவசம் இருந்தன. பகலில் குடியேறிகளோடு மன்றாட்டம், இரவில் சட்டக் கல்லூரி. வக்கீலான பிறகு வந்த கட்சிக்காரர்களில் ஜியுசெப்பே பெல்லாங்கா என்ற விமானம் கட்டும் பொறியாளரும் ஒருவர். பெல்லாங்காவுக்கு இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், பதிலுக்கு அவர் இவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். 1916-ல் நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த வருஷமே உலகப் போர். போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று பதவியில் இருந்தபடியே விமானப் படையில் சேர்ந்து இத்தாலிக்குப் போனார். அமெரிக்க விமானிகளுக்குப் பயிற்சி நடந்த ஊர் ஃபோஜ்ஜா. அவருடைய அப்பா பிறந்த பகுதி. ஐந்தடி இரண்டங்குல மேஜர், பிரம்மாண்டமான கப்ரோனி குண்டுவீச்சு விமானங்களில் பறந்து திரும்பினார். அன்று பிடித்த விமானப் பைத்தியம் பிறகு ஒரு நகரத்தின் வரைபடத்தையே மாற்றியது. அதற்கு முன்னால் விழ வேண்டிய அடிகள் பாக்கி இருந்தன.

1921 அவருக்குச் சாபமான வருஷம். ஒரு வயது மகளைக் காசநோய் கொண்டுபோனது. சில மாதங்களில் மனைவி தேயாவும் அதே நோயில் போனார். வேலையில் மூழ்கித்தான் அவர் கரையேறினார். மீண்டும் நாடாளுமன்றம், அங்கே தொழிலாளர் பக்கம் நின்று சண்டை. 1929-ல் மேயர் தேர்தலில் நின்றார். எதிரே ஜிம்மி வாக்கர்: பாட்டெழுதுவார், பட்டுச் சட்டை போடுவார், இரவு விடுதிகளின் செல்லப்பிள்ளை. அவருக்குப் பின்னால் டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரம். நியூயார்க்கில் ஒரு துப்புரவுப் பணியாளர் வேலை வேண்டுமானாலும் டாமனியின் ஆள் ஒருவரைப் பார்த்தாக வேண்டிய காலம் அது. நகராட்சியின் ஊழலைப் பற்றி லகார்டியா தொண்டை கிழியக் கத்தினார். ஏறத்தாழ ஐந்து லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். 1932-ல் நாடாளுமன்ற இடமும் பறிபோனது. ஐம்பது வயதில், பதவியும் இல்லை, பணமும் இல்லை. அரசியல் வாழ்க்கை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

முடிந்தது வாக்கருடையது. நீதிபதி சீபரி நடத்திய விசாரணையில் மேயருக்குக் கிடைத்த 'அன்பளிப்புகள்' ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1932 செப்டம்பரில் ராஜினாமா செய்துவிட்டு வாக்கர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லகார்டியா மூன்று வருஷம் முன்பு கத்தியதெல்லாம் உண்மை என்று ஊருக்கு உறைத்தது. 1933 தேர்தலில் டாமனிக்கு எதிரானவர்கள் எல்லாம் ஒன்றுகூடி அவரை நிறுத்தினார்கள். 1934 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் மேயர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான்.

தீப்பிடித்த இடமெல்லாம் மேயர் இருந்தார். ரௌடிகளின் சூதாட்ட எந்திரங்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் கடலில் தள்ளினார். 1935 டிசம்பரில் ஒரு நாள் விடிவதற்கு முன்னால் பிராங்க்ஸ் மொத்தக் காய்கறிச் சந்தையில் எக்காளம் ஊதியது. லாரி மேல் ஏறி நின்ற மேயர், இன்று முதல் நகரத்தில் சின்ன ஆர்ட்டிசோக் காயை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று பிரகடனம் வாசித்தார். இத்தாலியச் சமையலுக்கு இல்லாமல் முடியாத காய் அது. அதன் வியாபாரத்தை ஒரு மாஃபியாக் கும்பல் முழுசாக வளைத்துப்போட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தது. மூன்றே நாளில் விலை இறங்கியது, தடையும் நீங்கியது. தமக்கு அந்தக் காய் ரொம்பப் பிடிக்கும் என்று மேயரே ஒப்புக்கொண்டாராம். அதே வேகத்தில் 1936-ல், தெருப் பாட்டுப்பெட்டிக்காரர்களுக்கு லைசன்ஸ் கிடையாது என்றார். போக்குவரத்து நெரிசல், வானொலி வந்துவிட்டது, பெட்டியை வாடகைக்கு விட்டுச் சுரண்டுகிறார்கள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அரிசோனாவில் சிரித்த பையன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தம் சுயசரிதையில் அந்தக் குரங்குக் கதையை அவரே எழுதினார். தடையோடு சேர்த்துத்தான் எழுதினார். நல்லவராக இருந்தாலும் அவருக்குப் பழைய கணக்குகள் மறப்பதில்லை. அந்தக் கணக்குகளில் நியூ ஜெர்சியும் ஏற்கெனவே சேர்ந்திருந்தது, ஒரு விமானப் பயணத்தில்.

1934 நவம்பர். மேயர் ஏறிய டி.டபிள்யூ.ஏ. கம்பெனி விமானம் நியூவார்க்கில் இறங்கியது. நியூயார்க்குக்குப் போகிற பயணிகள் எல்லோரும் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மான்ஹாட்டனிலிருந்து ஹட்சன் ஆற்றுக்கு அக்கரை, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சி. மற்றவர்கள் எழுந்து போனார்கள். மேயர் நகரவில்லை. டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். நியூயார்க் என்று அச்சடித்திருந்தது. நியூவார்க் எப்படி நியூயார்க் ஆகும்? காசு வாங்கியது எந்த ஊருக்கோ அந்த ஊரில் இறக்கிவிடுங்கள் என்றார். விமானப் பணியாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். குட்டை மனிதர் இருக்கையை விட்டு எழவில்லை. கடைசியில் அந்த ஒரே பயணிக்காக விமானம் மறுபடி மேலே கிளம்பி, புரூக்ளினில் நகராட்சிக்குச் சொந்தமான ஃபிளாய்ட் பென்னட் விமானத் திடலில் போய் இறங்கியது. போகிற வழியில் பத்திரிகைக்காரர்களுக்குப் பேட்டியும் கொடுத்தார். வழியில் பேட்டி எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் தயாராக இருந்தார்கள் என்பதிலேயே விஷயம் ஓரளவு புரிகிறது. கோபம் நிஜம்தான்; கோபம் வரப்போகும் நேரம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: உலகத்தின் பெரிய நகரத்துக்குப் போகும் விமானம் அந்த நகரத்திலேயே இறங்கக் கூடாதா?

நாடகம் முடிந்ததும் நடைமுறை பல்லைக் காட்டியது. ஃபிளாய்ட் பென்னட் திடல் நல்ல திடல்தான். ஆனால் அங்கிருந்து மான்ஹாட்டனுக்கு வந்து சேர்வதைவிட நியூவார்க்கிலிருந்து வருவது சுலபம். விமானத் தபாலுக்கான மையமும் நியூவார்க்தான், அன்றைய விமான கம்பெனிகளுக்குச் சோறு போட்டதோ தபால். மேயர் அஞ்சல் துறையிடம் முட்டி மோதினார். மாற்ற மாட்டோம் என்றார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித் மட்டும் மேயரின் பேச்சுக்கு இணங்கி, சோதனையாகச் சில விமானங்களைப் புரூக்ளினுக்கு விட்டுப் பார்த்தார். பயணிகளை ஏற்றிவரும் கார்களுக்கு முன்னால் போலீஸ் வண்டி ஓட்டி வழிவிடச் செய்கிறேன் என்றுகூட மேயர் சொன்னார். பலிக்கவில்லை. சில மாதங்களில் சோதனை ஊற்றி மூடப்பட்டது. ஆனால் டெக்சாஸ்காரரான ஸ்மித்துக்கும் மேயருக்கும் ஏற்பட்ட பழக்கம் விட்டுப்போகவில்லை. இருவரும் வேறோர் இடத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

குவீன்ஸ் பகுதியில், ஃபிளஷிங் விரிகுடாவை ஒட்டி நார்த் பீச் என்ற கரை. ஒரு காலத்தில் அங்கே பியானோ முதலாளி ஸ்டைன்வே, ஒரு பீர் முதலாளியோடு சேர்ந்து கேளிக்கைப் பூங்கா நடத்தினார். மதுவிலக்கு வந்தது, பீர் போனது, கூட்டமும் போனது. பூங்காவை இடித்துவிட்டு 1929-ல் சின்னதாக ஒரு தனியார் விமானத் திடல் போட்டார்கள். அங்கிருந்து மான்ஹாட்டனுக்கு ஆற்றுக்கு அடியில் சுரங்கச் சாலை வரப்போகிறது என்பது மேயருக்குத் தெரியும். அது திறந்துவிட்டால் நியூவார்க்கின் வசதி ஒன்றுமில்லாமல் போகும். இடம் சரி. நிலம்தான் போதவில்லை, பாதிக்கு மேல் கடல்.

கடலைத் தூர்க்க மண்? எதிரேயே ரைக்கர்ஸ் தீவு. நகரத்தின் குப்பையும் சாம்பலும் வருஷக்கணக்காகக் கொட்டி மலையாகக் கிடந்த இடம். அதை வெட்டி அள்ளி, இரும்புச் சட்டங்களைப் போட்டு, அதன்மேல் நிரப்பினார்கள். (அந்த இரும்பு விமானங்களின் திசைகாட்டியைக் குழப்புகிறது என்று விமானிகள் பின்னாளில் குறைப்பட்டது தனிக் கதை.) பணத்துக்கு மேயர் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு கொட்டிக்கொண்டிருந்த நிதியில் பெரும்பங்கு நார்த் பீச்சுக்கு வந்தது. 1937-ல் தொடங்கிய வேலை இரவும் பகலும் நடந்தது. செலவு ஏற ஏற எதிர்ப்பும் ஏறியது. குப்பைமேட்டில் கோட்டை கட்டுகிறார், மக்கள் வரிப்பணத்தைக் கடலில் கொட்டுகிறார் என்று திட்டினார்கள். மேயர் வாரந்தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

1939 அக்டோபர் 15 அன்று திறப்பு விழா. லட்சக்கணக்கில் கூட்டம். பின்னர் நகர நிர்வாகம் விமான நிலையத்துக்கு அவருடைய பெயரையே சேர்த்தது. டிசம்பர் 2, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷம் ஆனபோது முதல் பயணி விமானம் வந்து இறங்கியது. சிகாகோவிலிருந்து வந்த அது டி.டபிள்யூ.ஏ. கம்பெனியுடையது. நியூயார்க் என்று அச்சடித்த டிக்கெட்டோடு வந்தவர்கள் நியூயார்க்கிலேயே இறங்கினார்கள். பத்து சென்ட் கட்டிவிட்டு விமானங்களை வேடிக்கை பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் அந்தக் காசும் வண்டி நிறுத்தும் கட்டணமுமாக 2,85,000 டாலர் சேர்ந்தது. எதிர்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வாயைத் திறக்க அவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு விஷயம் மிச்சமிருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு பெரிய அறை. சொகுசான சோபாக்கள், ஓடுபாதையைப் பார்த்தபடி மேல்தளம். மேயரும் ஊருக்கு வரும் பிரமுகர்களும் பத்திரிகைக்காரர்களும் உட்கார்வதற்காக ஒதுக்கியது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன: மக்கள் பெஞ்சில் உட்கார, மேயருக்கு மட்டும் தனி அரண்மனையா? வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் சலுகைகளை நொறுக்கிக்கொண்டிருந்தவர்மேல் இப்படியொரு குற்றச்சாட்டு. அதுவும் ஃபியூமேயில் அரச குடும்பத்துப் பெண்மணிக்கு மேல்தட்டு வேடிக்கையை மறுத்தவர்மேல். மேயர் பொங்கினார். இந்தக் கட்டடத்தில் எந்த இடமும் வாடகைக்குக் கிடைக்கும், வேண்டுமென்றால் அந்த அறையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். வீம்புக்குச் சொன்னதா, செலவை ஈடுகட்டச் சொன்னதா தெரியாது. ஆனால் சொன்ன சொல்லை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அப்படியே பிடித்துக்கொண்டது.

எடுத்த அறையை என்ன செய்வது? சி. ஆர். ஸ்மித்தின் மனசில் ஒரு சங்கதி ஓடியது. டெக்சாஸில் அவருக்குக் 'கௌரவ ரேஞ்சர்' என்று ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள். சல்லிக்காசு பெறாத காகிதம்; ஆனாலும் வாங்கியவனை அது எப்படிக் குளிர்விக்கிறது என்பதை அவர் அனுபவித்தே தெரிந்துகொண்டிருந்தார். அவருடைய கம்பெனி விமானங்களுக்கு 'ஃபிளாக்ஷிப்' என்று பெயர், கடற்படைத் தளபதி ஏறும் கொடிக்கப்பல் மாதிரி. கப்பல் இருந்தால் தளபதி வேண்டாமா? அடிக்கடி பறக்கும் தொழிலதிபர்களையும் பிரமுகர்களையும் பார்த்துப் பார்த்து 'அட்மிரல்' என்று ஏற்கெனவே பட்டம் எழுதிக் கொடுத்துவந்தார். பட்டம் பெற்றவர்கள் விமானம் வரும்வரை உட்கார்ந்து கதை பேச, மேயரின் அறை. வாசலில் பெயர்ப்பலகை: அட்மிரல்ஸ் கிளப். பணம் கட்டி உள்ளே நுழைய முடியாது; கம்பெனியாக அழைத்தால்தான் உண்டு. தனிச்சலுகை என்று திட்டு வாங்கிய அறை, கொஞ்ச நாளிலேயே தனிச்சலுகையையே சரக்காக வைத்து நடத்தும் கடையாக மாறியிருந்தது.

மேயர் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. வாடகை நகராட்சிக்கு வந்தது. அவருக்கு வேறு வேலைகள் இருந்தன. 1941-ல் மூன்றாவது முறையும் வென்றார். 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகம் செய்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சித்திரக்கதை கிடைக்காத குழந்தைகளுக்காக வானொலியில் உட்கார்ந்து, குரலை ஏற்றி இறக்கி, அவற்றை வாசித்துக் காட்டினார். அந்த வருஷத்தோடு மேயர் பதவியை விட்டார். மறுவருஷம், போரில் அகதிகளானவர்களுக்கு உதவும் ஐ.நா. நிவாரண அமைப்புக்குத் தலைவரானார். அப்போது வந்தது ஒரு சோதனை. புடாபெஸ்டில் வாழ்ந்த அவருடைய அக்கா ஜெம்மா, நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி, பெர்லினில் மகளோடும் பேரனோடும் திக்கற்று நின்றார். கணவர் மௌத்தவுசன் முகாமில் இறந்திருந்தார். தம்பி உலகத்து அகதிகளுக்கெல்லாம் தலைவர். ஒரு போன் போதும். தம்பி பணம் அனுப்பினார். ஆனால், உன்னைப் போல லட்சக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள், உனக்கு மட்டும் முன்னுரிமை தர முடியாது என்று எழுதிவிட்டார். அக்கா மற்ற அகதிகளைப் போலவே முறைக்காகக் காத்திருந்து 1947 மே மாதம்தான் நியூயார்க் வந்து சேர்ந்தார். அதே வருஷம் செப்டம்பர் 20 அன்று தம்பி புற்றுநோயில் இறந்தார். பன்னிரண்டு வருஷம் நியூயார்க்கை ஆண்டவர் விட்டுச்சென்றது அடமானத்தில் இருந்த ஒரு வீடும் சில ஆயிரம் டாலர் சேமிப்புப் பத்திரங்களும்.

அறை மட்டும் செழித்தது. ஒன்று பலவாகி மற்ற நகரங்களுக்கும் போனது. போட்டிக் கம்பெனிகள் தத்தம் பெயரில் ஆரம்பித்தன. சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து உள்ளே விடுவது பாகுபாடு என்று எதிர்ப்பு கிளம்ப, பிற்பாடு சந்தா கட்டும் எவருக்கும் கதவு திறந்தது. அப்புறம் கிரெடிட் கார்டு கம்பெனிகள் உள்ளே புகுந்தன. அட்மிரல் பட்டம் போய் அட்டை வந்தது. அந்த இரண்டாம் மாடி அறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு உலகத்தின் பெரிய விமான நிலையங்களில் எல்லாம் இருக்கும் லவுஞ்சுகள். நம் ஊர் விமான நிலையங்களில் கார்டைத் தேய்த்தால் இரண்டு ரூபாயோ இருபத்தைந்து ரூபாயோ கழித்துக்கொண்டு இட்லி, உப்புமா, காபியோடு உள்ளே விட்டார்கள். கார்டு இல்லாதவர்களைத் தேட வேண்டும் என்கிற அளவுக்குக் கார்டு பெருகி, லவுஞ்ச் வாசலிலேயே நீள வரிசை நிற்கத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் வங்கிகள் புது நிபந்தனை போட்டிருக்கின்றன: மூன்று மாதத்தில் இவ்வளவு ரூபாய்க்குச் செலவு செய்தவருக்குத்தான் அனுமதி.